பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு எதை உடுத்திப் போவது?

(செடெனாக்கில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் சங்கக் கல்விக் குழுவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



 

சங்கத்துக்கு இது ஐம்பதாம் ஆண்டு. மேடையேறுகிறவர்கள் எல்லாரும் சங்கம் பிறந்த கதையைச் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். கல்விக் குழுவுக்கு ஒதுக்கிய இருபது நிமிடத்தில் நாங்கள் உடுப்பைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் செயலாளர் சிரித்துவிட்டார். “துணிக்கடை விளம்பரமா?” என்று கேட்டார். விளம்பரம் இல்லை. ஆனால் துணி சம்பந்தப்பட்டதுதான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடங்களின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில், நாம் வாய்ப்பழக்கமாகப் பிஐபிஜி என்கிறோமே அதில், தொண்டூழியம் செய்ய நம் வீடுகளிலிருந்து யார் யார் போகிறார்கள் என்று இந்த ஆண்டுத் தொடக்கத்தில் கணக்குப் பார்த்தோம். எண்ணுவதற்கு ஒரு கைவிரல்களே போதுமாக இருந்தன. சரி, வீடு வீடாகப் போய்க் கேட்போம் என்று கிளம்பினோம். அத்தாமார்கள் நேரம் இல்லை என்றார்கள். அதில் பாதி உண்மை. கூலாய்க்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது? தாய்மார்கள் பல காரணம் சொன்னார்கள். தேத்தண்ணீர் குடித்து, பேச்சு வேறு பக்கம் போய், நாங்கள் எழுந்து செருப்பை மாட்டும்போதுதான் உண்மைக் காரணம் வெளியே வந்தது.

“வரலாந்தான் ராத்தா. ஆனா எதை உடுத்திட்டு வர்றது? அங்க வர்றவங்க எல்லாம் நல்லா அயர்ன் பண்ண பாஜு கூரோங்குல வர்றாங்க. எங்கிட்ட ரெண்டுதான் இருக்கு. ரெண்டும் பெருநாளைக்குத் தைச்சது.”

இன்னொருவர் இரவு ஷிஃப்டு பார்ப்பவர். காலையில் கம்பெனி பஸ் இறக்கிவிடுகிற இடத்திலிருந்து பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்தான். “கம்பெனி யூனிஃபார்மோட உள்ளே போனா டீச்சர் என்ன நெனைப்பாங்க?” என்று கேட்டார். ஒரு நன்னி சொன்னதுதான் எங்களை இங்கே கொண்டு வந்து நிறுத்தியது. பேரனைக் கூட்டிப் போய்க் கூட்டி வருவது அவர்தான். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு நாள் சொன்னானாம்: “நன்னி, நீங்க சேலையில உள்ளே வராதீங்க. என் கூட்டாளிங்க பார்ப்பாங்க.” நன்னி சிரித்துக்கொண்டுதான் இதைச் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அவர் வாயில் கேட்டோடு நின்றுவிடுகிறார்.

எனவே, பிள்ளைக்கும் நமக்கும் நடுவே துணி வந்து நிற்கிறது. அதை எப்படி விலக்குவது என்பதே நம் பேச்சு.

முதலில் ஒரு வார்த்தைச் சிக்கல். நம் வீடுகளில் பள்ளி என்றால் பள்ளிவாசலும்தான், பள்ளிக்கூடமும்தான். “பள்ளிக்குப் போறேன்” என்றால் எந்தப் பள்ளி என்று கேட்க வேண்டும். உடுப்பு விஷயத்தில் இந்த இரண்டையும் நம்மில் பலர் ஒன்றாக்கி வைத்திருக்கிறார்கள். தொழுகைக்குப் போவதுபோலவோ நிக்காஹ் வீட்டுக்குப் போவதுபோலவோ உடுத்தினால்தான் மரியாதை என்று நினைக்கிறோம். பள்ளிக்கூடத்தில் நாம் போய்ச் செய்வது வேலை. வேலைக்கு வேண்டிய உடுப்பு வேறு.

இனி, பள்ளிக்கூடம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ் 1998இல் வந்த விதிமுறைகள்தான் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு அடிப்படை. அங்கே படிக்கும் பிள்ளையின் தாயும் தகப்பனும் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் அங்கே விருந்தாளி மட்டும் அல்ல. கேட்டில் காவலாளியின் அறை அருகே ஒரு பலகை இருக்கும். கையில்லாத சட்டை, முட்டிக்கு மேலே நிற்கும் பாவாடை, அரைக்கால் சட்டை, உடம்பு தெரிகிற மெல்லிய துணி, சிலிப்பார் ஆகியவற்றைப் படம் போட்டுக் கோடு கிழித்திருப்பார்கள். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் பட்டியல் கொஞ்சம் மாறும். பெரும்பாலும் அந்தந்த நிர்வாகம் வைத்த ஒழுங்கு அது. நம் வீட்டுப் பெண்கள் வழக்கமாக உடுத்துகிற எதுவும் அந்தப் பலகையில் கோடு கிழிபடாது. சேலை இல்லை, சுரிதார் இல்லை, கம்பெனி யூனிஃபார்ம் இல்லை. பலகையில் நாம் மாட்டுகிற ஒரே இடம் சிலிப்பார்.

இந்த மாதிரிப் பலகைகளால் நம் நாட்டில் சச்சரவும் வந்திருக்கிறது. 2015 ஜூன் மாதம் சிலாங்கூரில் ஜேபிஜே அலுவலகத்துக்கு வாகனப் பெயர் மாற்ற வேலையாக வந்த ஒரு பெண்ணுக்கு, பாவாடை கட்டை என்று சொல்லி, இடுப்பில் கட்டிக்கொள்ளச் சாரோங் கொடுத்தார்கள். அந்தப் படம் நாடெங்கும் பரவியது. பிறகு ஜேபிஜே மன்னிப்புக் கேட்டது. அந்தப் பெண் நம் சமூகத்தவர் அல்ல. அதனால் இது நமக்குச் சம்பந்தமில்லாத செய்தி என்று பலர் விட்டுவிட்டார்கள். எங்கள் கருத்து வேறு. உடுப்பைக் காட்டி ஒரு மனுஷியைக் கூட்டத்தின் நடுவே நிறுத்துவது, அவர் யாராக இருந்தாலும், நமக்குப் பிடிக்காத காரியமாக இருக்க வேண்டும். ஏனென்றால் கடலைத் தாண்டினால் அதே பலகை நமக்கு எதிராகத் திரும்பி நிற்கிறது.

பிரான்ஸைப் பாருங்கள். 2004 முதல் அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் மாணவிகள் தலைத்துணி அணியக்கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. அது மாணவர்களுக்கு. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போக உதவிக்கு வரும் தாய்மார்களுக்கு? அங்கேதான் இழுபறி. 2012இல் கல்வி அமைச்சிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. உடன் வரும் தாய்மாரைத் தலைத்துணிக்காகத் தடுக்க அது பள்ளிக்கூடங்களுக்கு இடம் கொடுத்தது. 2013இல் நாட்டின் உயர் நிர்வாக மன்றம், தாய்மார்கள் அரசாங்க ஊழியர் அல்ல, ஆகவே அந்தக் கட்டுப்பாடு பொதுவாக அவர்களுக்குப் பொருந்தாது என்று விளக்கம் சொன்னது. ஆனால் சில நிலைமைகளில் பள்ளிக்கூடம் கட்டுப்படுத்தலாம் என்று ஒரு சந்தும் விட்டு வைத்தது.

2019 அக்டோபரில் டிஜோன் என்ற ஊரில் நடந்ததைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் வட்டார மன்றக் கூட்டத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். கூட வந்த தாய்மாரில் ஒருவர் தலைத்துணி அணிந்திருந்தார். மன்ற உறுப்பினர் ஒருவர் எழுந்து, அந்தத் துணியைக் கழற்றச் சொல்லுங்கள் என்று கூச்சல் போட்டார். மன்றத் தலைவி மறுத்துவிட்டார். ஆனால் அதற்குள் அந்தத் தாயின் மகன் அழுதுவிட்டான். மகனைக் கட்டி அணைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த படம்தான் உலகம் முழுக்கப் போனது. அவர் அங்கே என்ன செய்ய வந்தார்? பிள்ளைகள் வரிசையாக நடக்கிறார்களா, யாராவது கழிப்பறைக்குப் போக வேண்டுமா என்று பார்க்க வந்தார். நாளைக்கு நீங்களும் நாங்களும் செய்யப் போகிற அதே வேலை.

எல்லா இடத்திலும் மதம்தான் காரணம் என்றும் நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் டார்லிங்டன் என்ற ஊரில் 2016 ஜனவரியில் ஒரு தலைமை ஆசிரியை வீடுகளுக்குக் கடிதம் அனுப்பினார். பிள்ளையை விட வரும்போது பைஜாமாவோடு வராதீர்கள், முகம் கழுவி உடுத்திக்கொண்டு வாருங்கள் என்று. பள்ளிக்கூட நிகழ்ச்சிக்குக்கூட இரவு உடுப்போடு வந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் 2019இல் ஓர் உயர்நிலைப்பள்ளி, மகளைச் சேர்க்க வந்த ஒரு தாயை டி-சட்டை உடையும் தலையில் கட்டிய துணியும் சரியில்லை என்று திருப்பி அனுப்பியது. டார்லிங்டன் ஆசிரியை கேட்டதில் நியாயம் இருக்கிறது என்பதே எங்கள் எண்ணம். தாய் எழுந்து உடுத்திக்கொண்டு வருவது பிள்ளைக்கு ஒரு பாடம். ஹூஸ்டனில் நடந்ததை அப்படிச் சொல்ல முடியவில்லை. பிள்ளையைச் சேர்க்க வந்த தாயைத் திருப்பி அனுப்பினால் நஷ்டம் பிள்ளைக்குத்தானே? கைலியோடும் நைட்டியோடும் மோட்டார் சைக்கிளில் பிள்ளையை இறக்கிவிட்டுப் போகிற நம்மவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நாங்கள் பெயர் சொல்லவில்லை.

அடுத்து வருவது கொஞ்சம் கசப்பான பகுதி. கேட்டில் உள்ள பலகை நம்மைத் தடுப்பதைவிட, நம்முடைய நாக்கு நம்மைத் தடுப்பது அதிகம்.

பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் கோத்தோங் ரோயோங் நடந்தது. பெயர் வேண்டாம். நம் வீட்டுத் தாய் ஒருவர் கால்வாய் சுத்தம் செய்து கொண்டிருந்தபோது குனிந்ததில் முக்காடு நழுவிவிட்டது. கையில் சேறு, சரிசெய்ய முடியவில்லை. யாரோ படம் எடுத்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அதன் கீழே இன்னொருவர் ஒரு ‘நசீஹத்’ எழுதினார். எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதினேன் என்றார். அன்று இரவே அந்தத் தாய் குழுவிலிருந்து வெளியேறினார். இரண்டு மணி நேரம் சேற்றில் நின்ற ஒருவருக்கு நாம் கொடுத்த கூலி அது.

அதனால் கல்விக் குழு சார்பில் ஒரு கோரிக்கை. பள்ளிக்கூட வேலையில் எடுத்த படத்தை, அதில் இருக்கிறவரிடம் கேட்காமல் எந்தக் குழுவிலும் போடாதீர்கள். ஒருவருடைய துணி நழுவினால் பக்கத்தில் போய்ச் சரிசெய்து விடுங்கள். எழுதாதீர்கள். அல்அஃராஃப் அத்தியாயத்தின் 26ஆம் வசனம் ஆடை மறைக்கவும் அழகுக்கும் அருளப்பட்டது என்று சொல்லிவிட்டு, இறையச்சம் என்ற ஆடையே மேலானது என்ற கருத்தையும் சேர்த்துச் சொல்கிறது. ஹஜ்ரத் அவர்கள் இதை எங்களைவிட நன்றாக விளக்குவார்கள்.

இன்னொன்று. சேலை கட்டி முக்காடு போட்ட நன்னியைப் பார்த்து, “தூடோங் போட்டால்தானே சரி?” என்று கேட்கிற இளம் தாய்மார்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் வரலாறு தெரிந்துகொண்டால் நல்லது. நம் முன்னோர்களான பெண்கள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தபோது சேலையும் முக்காடும், சில ஊர்க்காரர்கள் வெள்ளைத் துப்பட்டியும் கொண்டு வந்தார்கள். இந்நாட்டு மலாய்ப் பெண்களும் முன்பெல்லாம் தோளிலும் தலையிலும் செலெண்டாங்தான் போட்டிருந்தார்கள். இன்று நாம் காண்கிற தூடோங் பரவலானது 1970களின் தஃவா எழுச்சிக்குப் பிறகுதான். பாஜு கூரோங்கிலும் நம் ஜொகூருக்கென்று ஒரு கதை உண்டு. கழுத்துப் பட்டி இல்லாத தெலுக் பெலாங்கா பாணியை, சுல்தான் அபூபக்கர் சிங்கப்பூரின் தெலுக் பெலாங்காவிலிருந்து ஆட்சி இடத்தை 1866இல் இன்றைய ஜொகூர் பாருவுக்கு மாற்றியதன் நினைவாக உருவாக்கினார் என்று சொல்வார்கள். எந்த உடுப்பும் வானத்திலிருந்து தைத்து இறங்கியதில்லை. மறைக்க வேண்டியதை மறைத்தால் சேலையும் சரி, சுரிதாரும் சரி, பாஜு கூரோங்கும் சரி, அபாயாவும் சரி.

அந்த இரண்டாம் வகுப்புப் பேரனை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவனைத் திட்ட வேண்டாம். அந்த வயதில் கூட்டாளிகளைப்போல் இருக்க வேண்டும் என்றுதான் எந்தப் பிள்ளைக்கும் தோன்றும். ஆனால் அவன் சொன்னதற்காக நன்னி கேட்டோடு நின்றுவிடுவது அவனுக்கு நாம் செய்கிற தீங்கு. சேலை வெட்கப்பட வேண்டிய உடுப்பு என்று அவன் நினைத்தது சரிதான் என்றல்லவா ஆகிவிடும்? நன்னி உள்ளே போகட்டும். நூலகத்தில் புத்தகத்துக்கு உறை போடட்டும், தமிழில் கதை சொல்லட்டும். ஒரு மாதத்தில் அவர் எல்லாப் பிள்ளைக்கும் நன்னியாகிவிடுவார்.

சரி, காரியத்துக்கு வருவோம். எந்த வேலைக்கு என்ன உடுப்பு?

கோத்தோங் ரோயோங்தான் அதிகம் வருவது. பத்து வருடத்துக்கு மேல், 2014 முதல் 2024 வரை, ஜொகூரில் வாராந்திர ஓய்வு வெள்ளியும் சனியுமாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை வேலை வைத்தால் ஆண்கள் பதினொரு மணிக்கே ஜும்ஆவுக்கு ஓட வேண்டும்; பையில் வேட்டியோ பாஜு மெலாயுவோ மடித்து எடுத்து வந்தார்கள். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து சனி, ஞாயிறு ஆகிவிட்டது. இனி அந்த அவசரம் இல்லை. ஆகவே வேலைக்கென்றே உடுத்தி வாருங்கள்.

கால்வாய், குப்பை, பழைய சாமான் அறை ஆகிய இடங்களில் எலி இருக்கும். எலி மூத்திரம் கலந்த நீரில் ஒரு கிருமி உண்டு. காலில் சின்னக் கீறல் இருந்தாலும் உள்ளே போய்க் கடுமையான காய்ச்சலைக் கொண்டுவரும். ஆஸ்பத்திரியில் லெப்டோஸ்பைரோசிஸ் என்பார்கள். சிலிப்பாரோடு கால்வாயில் இறங்காதீர்கள். ரப்பர் பூட்ஸ் இல்லையென்றால் நாங்கள் தருகிறோம். கையுறை கட்டாயம். ஏடிஸ் கொசு காலையிலும் பொழுது சாயும் முன்பும்தான் அதிகம் கடிக்கும். கோத்தோங் ரோயோங் நடக்கிற நேரமும் காலைதான். முழுக்கை, முழுக்கால், வெளிர் நிறம் என்று சுகாதாரத் துறைக்காரர்கள் சொல்வது நம் மார்க்க உடுப்போடு அப்படியே ஒத்துப்போகிறது. இந்த ஒரு வேலைக்காவது நாம்தான் சரியான உடுப்போடு போகிறோம். ஆனால் கறுப்பு அபாயா வேண்டாம். வெயிலில் கறுப்பு சூட்டை இழுக்கும். தரையைத் தொடும் விளிம்பு சேற்றையும் இழுக்கும். உள்ளே தளர்ந்த கால்சட்டை, மேலே தொடை மறைக்கும் நீளச் சட்டை, தலைக்குத் தைத்த தூடோங். சேலை கட்டுகிறவர்கள் புல்வெளி, கால்வாய்ப் பக்கம் போகாமல் வகுப்பறை, நூலகம், கணக்கு எழுதும் மேசை என்று எடுத்துக்கொள்ளலாம். புல்வெட்டும் இயந்திரம் ஓடுகிற பக்கம் கண்ணாடி இல்லாமல் யாரும் நிற்கக் கூடாது, கல் தெறிக்கும்.

தலைத்துணியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் ஆபத்து. நீளமான ஷால் அழகுதான். அடுப்புக்குப் பக்கத்தில் அது திரி. பாலியெஸ்டர், ஷிஃபான், சாத்தின் துணிகள் பற்றினால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தியும் எரியும், ஆனால் அப்படி ஒட்டாது. பிரியாணிச் சட்டி முன்னால் நிற்கிறவர்கள் நுனி தொங்காத பருத்தித் தூடோங் போட்டு, அதன் மேல் ஏப்ரனைக் கட்டுங்கள். கந்தின் தினம், விளையாட்டு தினம் எதுவானாலும் உணவைக் கையாள்கிறவர்களுக்கு 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகள் இருக்கின்றன. சுத்தமான உடுப்பு, ஏப்ரன், தலைமூடி, மூடிய காலணி வேண்டும், கையில் நகை கூடாது. வளையலும் மோதிரமும் வீட்டில் இருக்கட்டும். சோறு போடும்போது காணாமல் போன மோதிரத்தை எந்தப் பிள்ளையின் தட்டில் தேடுவது?

சின்னப் பிள்ளைகள் வகுப்பில் உதவுகிறவர்களுக்கு ஊசி வேண்டாம், புரோச்சும் வேண்டாம். பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொள்ளும், நெற்றியில் குத்தும். தைத்த தூடோங் போதும். அத்தரைக் குறையுங்கள். இளைப்பு உள்ள பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். நிகாப் அணிகிற சகோதரிகள் கேட்டிலேயே ஒரு பெண் ஆசிரியரிடம் முகம் காட்டிப் பதிந்துகொண்டால் காவலாளிக்கும் சங்கடம் இல்லை. வகுப்பில் ஆண்கள் இல்லாதபோது முகத்திரையை விலக்கிக்கொண்டால் சின்னப் பிள்ளைகள் மிரளாது. இது எங்கள் யோசனைதான், முடிவு அவரவர் கையில்.

காலணியைச் சொல்லாமல் விட முடியாது. நூலகம், கணினி அறை, சூராவ் என்று பல இடங்களில் வாசலில் கழற்ற வேண்டும். கயிறு கட்டுகிற காலணி போட்டு வந்தவர் ஒரு காலையில் ஆறு முறை குனிந்து எழுந்தார். குதிகால் மூடிய, எளிதில் கழற்றுகிற காலணி போதும். காலுறையில் ஓட்டை இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். குறிப்பாக அத்தாமார்கள்.

அத்தாமார்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. உடுப்பைப் பற்றிய பேச்சென்றால் பெண்களுக்குத்தான் என்று சிலர் பின்வரிசையில் கைத்தொலைபேசியைத் தடவிக் கொண்டிருக்கிறீர்கள். விளையாட்டு தினத்தில் கயிறு இழுக்கிறபோது அரைக்கால் சட்டையில் வருகிறவர்கள் நம்மவர்கள்தானே? ஷாஃபி மத்ஹபில் தொப்புளுக்கும் முட்டிக்கும் இடைப்பட்டது அவ்ரத். ஹனஃபியில் முட்டியும் சேர்த்து. நம் சங்கத்தில் இரு சாராரும் இருக்கிறோம். முட்டிக்குக் கீழே இறங்கிய விளையாட்டுக் கால்சட்டை போட்டால் இரு சாராருக்கும் பிரச்சினை இல்லை, கேட்டுப் பலகைக்கும் பிரச்சினை இல்லை. பந்தாட்டச் சட்டை விஷயத்தில் ஒரு கவனம். 2010இல் மேன்செஸ்டர் யுனைடெட் சின்னத்தில் உள்ள சாத்தான் உருவம் பற்றி நம் ஜொகூரிலேயே மார்க்க அறிஞர்கள் பேசியது நினைவிருக்கும். அந்த வாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. ஆனால் நெஞ்சில் சூதாட்டக் கம்பெனியின் பெயரோ மதுவின் பெயரோ எழுதிய சட்டையோடு ஆரம்பப் பள்ளிக்குள் போக வேண்டாம். பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயது. கட்சிச் சட்டையும் வேண்டாம். வாசலில் போக்குவரத்தைப் பார்க்கிறவர்கள் ஒளி வீசும் மேல்சட்டை போடாமல் சாலையில் இறங்கக் கூடாது. மழை நாள் காலையில் லாரி ஓட்டுநருக்கு உங்கள் சாம்பல் நிறச் சட்டை தெரியாது. நம் ஊர்ச் சாலைகளில் இப்போது கட்டுமான லாரிகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

தமிழ்ப்பள்ளியில் படிக்கிற நம் பிள்ளைகளின் தாய்மார்கள் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. பொங்கல் நிகழ்ச்சியன்று எல்லாரும் சேலையில் வருமாறு சொல்கிறார்கள், நாம் என்ன செய்வது என்று. சேலை நம் உடுப்பும்தான். முழுக்கை ரவிக்கையோடு கட்டி, தலைக்குத் துணி போட்டுக்கொண்டு போங்கள். வழிபாட்டுப் பகுதியில் நாம் கலந்துகொள்வதில்லை என்பதைத் தலைமை ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிட்டால் அவர்கள் புரிந்துகொள்வார்கள். நாற்காலி அடுக்குவதற்கும் கரும்பு சுமப்பதற்கும் ஆள் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். அதேபோல் தேசியப் பள்ளியில் உங்கள் பக்கத்தில் ஒரு சீனத் தாயோ இந்துத் தாயோ தமக்குப் பழகிய உடுப்பில் நின்றால், அவரைத் தலை முதல் கால்வரை பார்க்காதீர்கள். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

கம்பெனி யூனிஃபார்மோடு வரலாமா என்று கேட்ட தங்கைக்குப் பதில்: வாருங்கள். அது உழைத்த உடுப்பு. நாங்கள் இரண்டு ஆசிரியைகளிடம் கேட்டோம். இருவரும் சொன்னது ஒன்றே: தாய் வந்தாரா என்று பார்ப்போம், வேறெதுவும் பார்க்க நேரம் இல்லை. இரண்டு பாஜு கூரோங் மட்டுமே இருக்கிறது என்ற சகோதரிக்கும் அதே பதில். பெருநாளுக்குத் தைத்ததைப் பெருநாளுக்கே வைத்திருங்கள். புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். வாங்கினால் அடுத்த வீட்டுக்காரரும் வாங்க வேண்டியிருக்கும். பிறகு இதுவும் ஒரு கலியாணச் செலவாகிவிடும்.

சங்க அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் கீழ்த்தட்டு இப்போது காலி செய்யப்பட்டிருக்கிறது. அதில் ரப்பர் பூட்ஸ், கையுறை, பருத்தித் தூடோங், ஏப்ரன், ஒளி வீசும் மேல்சட்டை வைத்திருக்கிறோம். எடுத்துப் போய், துவைத்துத் திருப்பித் தர வேண்டும். யார் எடுத்தார் என்று எழுதி வைக்கும் பழக்கம் கிடையாது. வீட்டில் தேறிய பூட்ஸ் இருப்பவர்கள் கொண்டு வந்து போடலாம், பெரிய அளவு அதிகம் இருக்கிறது, 5, 6ஆம் அளவு இல்லை. வருகிற சனிக்கிழமை காலை 7.30க்குப் பள்ளிக்கூடத்தில் நூலகச் சுவருக்குச் சாயம் அடிக்கிறார்கள். பழைய சட்டையோடு வாருங்கள். அடையாள அட்டையை மறக்க வேண்டாம், கேட்டில் கேட்பார்கள். நன்னி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு நிழலில் ஒரு நாற்காலியும் உறை போட நாற்பது புத்தகமும் எடுத்து வைத்திருக்கிறோம்.